‘அக்ரிமென்ட்’ போட்டாச்சு, ஒப்பந்தம் ஆச்சா?

சேலத்தில் ‘அக்ரிமென்ட்’ என்றால் பத்திரத் தாள். “அக்ரிமென்ட் இருக்கா?” என்று ஒருவர் கேட்டால், முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் கிடக்கும் காகிதத்தைத்தான் கேட்கிறார். காகிதம் இல்லாவிட்டால் “வாய்ப்பேச்சுதானே, செல்லாது” என்று கையை விரிப்பார்கள். இருந்துவிட்டால் “கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்பார்கள். இரண்டு பேச்சுமே தப்பு. செவ்வாய்ப்பேட்டையில் வாய் வார்த்தையில் முடிந்த வெள்ளி வியாபாரம் கோர்ட்டில் நிற்கலாம். நோட்டரி முத்திரை குத்திய மூன்று பக்கப் பத்திரம் கோர்ட் வாசலிலேயே விழலாம்.

இந்தக் குழப்பத்துக்குப் பேச்சு வழக்கும் ஒரு காரணம். அக்ரிமென்ட், கான்ட்ராக்ட் இரண்டையுமே ‘ஒப்பந்தம்’ என்று சொல்லிவிடுகிறோம். போதாக்குறைக்கு, கான்ட்ராக்ட் என்றதும் ரோடு போடுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். இங்கே அக்ரிமென்டை ‘உடன்பாடு’ என்றும், கான்ட்ராக்டை ‘ஒப்பந்தம்’ என்றும் பிரித்தே எழுதியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இரண்டையும் பிரிக்கிற அடிப்படைச் சட்டம்.

## பூவும் காயும்

மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும்: பூத்ததெல்லாம் காய்க்காது. மரத்தில் இருக்கும் ஒவ்வொரு காயும் ஒரு காலத்தில் பூவாக இருந்ததுதான். ஆனால் பூவில் பெரும்பகுதி பனியிலும் பூச்சியிலும் காற்றிலும் உதிர்ந்துபோகும்.

உடன்பாடு பூ, ஒப்பந்தம் காய். இருவர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டால் அது உடன்பாடு. அந்த வாக்கை மீறினால் கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றவோ நஷ்டஈடு வாங்கவோ முடியும் என்றால் அது ஒப்பந்தம். சட்டத்தின் சொற்களில், ‘சட்டத்தால் அமல்படுத்தக்கூடிய உடன்பாடே ஒப்பந்தம்’. ஒப்பந்தம் எல்லாமே உடன்பாடுதான். உடன்பாடு எல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது.

## பூ எப்போது பூக்கிறது?

ஏற்காட்டில் மிளகுக் கொடி வைத்திருப்பவர் ஒருவர், சேலம் வியாபாரியிடம் சொல்கிறார்: “காய்ந்த மிளகு 200 கிலோ, கிலோ 600 ரூபாய், மாசி பிறக்கிறதுக்குள்ள எடுத்துக்கறீங்களா?” இதற்கு முனைவு என்று பெயர். ஆங்கிலச் சொல்லில் ‘ஆஃபர்’. வியாபாரி “சரி, எடுத்துக்கறேன்” என்றால் அது ஏற்பு. இரண்டும் சேர்ந்த நொடியில் உடன்பாடு பிறந்துவிட்டது. காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை.

வியாபாரி “590-னா எடுத்துக்கறேன்” என்றிருந்தால்? பேரம் பேசுவதாக நாம் நினைப்போம். சட்டம் அதை ஏற்பாகப் பார்ப்பதில்லை, புது முனைவாகப் பார்க்கிறது. ஏற்பு என்பது சொன்னதை அப்படியே, நிபந்தனை சேர்க்காமல் ஒத்துக்கொள்வது. 590 என்று சொன்ன கணமே 600 ரூபாய் முனைவு செத்துப்போகிறது. மறுநாள் விலை ஏறியதைப் பார்த்து “சரி, 600-க்கே கொடுங்க” என்று அவர் போன் போட்டால், தோட்டக்காரர் “இப்ப 640” என்று சொல்ல முழு உரிமை உண்டு. ‘வாக்கு மாறிவிட்டார்’ என்று ஊரில் பேசிக்கொள்வதில் பாதி இந்த ரகம்தான்.

லீ பஜாரில் கடை வாசலில் தொங்கும் விலைப்பலகையும் முனைவாகாது. வந்து விலை கேளுங்கள் என்ற அழைப்பு, அவ்வளவே. பேசாமல் இருந்துவிட்டால் சம்மதம் என்று பொருளாகாது. “நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன்” என்று மெசேஜ் அனுப்பி யாரையும் கட்டிப்போட முடியாது.

இதுவரை: ஒருவர் முனைந்து, மற்றவர் அப்படியே ஏற்றால் உடன்பாடு. இனி அது ஒப்பந்தமாகத் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

## உதிரவைக்கும் காரணங்கள்

சட்டத்தின் 10-ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் சல்லடையைக் கொடுத்துவிடுகிறது. ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள், சுதந்திரமான சம்மதத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனுக்காகவும் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது) நோக்கத்துக்காகவும் செய்துகொண்ட உடன்பாடு, சட்டம் வெளிப்படையாகச் ‘செல்லாது’ என்று சொல்லாத வகையாகவும் இருந்தால், அது ஒப்பந்தம். இதில் ஒன்று தவறினாலும் பூ உதிர்ந்தது.

தகுதி. 18 வயது நிரம்பாதவர் செய்யும் உடன்பாடு ஆரம்பத்திலிருந்தே செல்லாது. கல்கத்தாவில் வயது நிரம்பாத ஒருவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய மொகரி பீபி வழக்கில், 1903-இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) இப்படித் தீர்ப்புச் சொன்னது. இன்றுவரை அதுதான் நிலை. 17 வயதுப் பையனிடம் புரோநோட்டு எழுதி வாங்கிவிட்டு, அவனுக்கு 18 ஆனதும் “நான் ஒத்துக்கறேன்” என்று அதிலேயே ஒரு வரி சேர்த்து வாங்கினாலும் பழைய காகிதம் உயிர் பெறாது. சித்த சுவாதீனம் இல்லாத நிலையில் செய்வதும் இதே கதிதான்.

சம்மதம். ஆத்தூர் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த டிராக்டரைப் பிடித்துவைத்துக்கொண்டு, “பழைய பாக்கியைத் தள்ளுபடி பண்ணினதா கையெழுத்துப் போடு, அப்புறம் வண்டியை எடு” என்கிறார்கள். அடித்தால்தான் பலவந்தம் என்று நினைக்க வேண்டாம். பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்து மிரட்டுவதும் பலவந்தமே. காபியில் நல்ல சாம்பிளைக் காட்டிவிட்டு, மூட்டையில் பூச்சி அரித்த கொட்டை இருப்பது தெரிந்தே விற்பது மோசடி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இப்படி வாங்கிய சம்மதத்தால் உடன்பாடு தானாகச் செத்துவிடாது, பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகிறது. அவர் வேண்டுமானால் ரத்து செய்யலாம், லாபம் என்று பட்டால் அப்படியே தொடரலாம். ஏமாற்றியவருக்கு அந்த விருப்பம் கிடையாது. இதை ‘ரத்து செய்யத்தக்கது’ என்பார்கள். ‘செல்லாதது’ என்பது வேறு. அதை யார் நினைத்தாலும் உயிர்ப்பிக்க முடியாது.

நோக்கம். சேர்வராயன் மலையில் அனுமதியில்லாமல் வெட்டிய சந்தனக் கட்டைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கட்டை வந்துசேரவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

## மறுபயன்: நீ எனக்கு என்ன தருகிறாய்?

வாக்குக்கு ஈடாக எதிர்த்தரப்பு செய்வது, தருவது, அல்லது செய்யாமல் விட்டுக்கொடுப்பது மறுபயன். வக்கீல்கள் ‘கன்சிடரேஷன்’ என்பார்கள். மிளகு வியாபாரத்தில் தோட்டக்காரருக்குப் பணம், வியாபாரிக்குச் சரக்கு.

ஒரு மாமா “கடை வைக்க உனக்கு அஞ்சு லட்சம் தர்றேன்” என்று விசேஷ வீட்டில் பத்துப் பேர் முன்னால் சொல்கிறார். மருமகன் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டுகிறார். மாமா தரவில்லை என்றால் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் மருமகன் பக்கம் கொடுத்தது எதுவுமில்லை. கொடுத்துவிட்ட அன்பளிப்பு வேறு. அது கொடுத்தது கொடுத்ததுதான். நெருங்கிய உறவினர்கள் அன்பின் பேரில் தரும் வாக்குக்குச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அது எழுதிப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மறுபயன் குறைவாக இருக்கிறது என்பதால் ஒப்பந்தம் விழாது. பத்து லட்சம் பெறும் பட்டறையை, மனமொத்து ஒரு லட்சத்துக்குப் பேசி முடித்தால் முடித்ததுதான். விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால், சம்மதம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்று கோர்ட் கொஞ்சம் கூர்ந்து பார்க்கும்.

மறுபயன் வாக்குப் பெற்றவரிடமிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை. 1880-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த சின்னய்யா - ராமய்யா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரு மூதாட்டி தன் நிலத்தை மகளுக்கு எழுதிவைத்தார். மூதாட்டியின் உடன்பிறப்புகளுக்கு மகள் ஆண்டுக்கு 653 ரூபாய் தர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அப்படியே அவர்களுக்குத் தனியாக எழுதிக்கொடுத்தார். பிறகு, “அவங்க எனக்கு எதுவும் கொடுக்கலையே, நான் ஏன் கொடுக்கணும்?” என்று நிறுத்திவிட்டார். தாய் கொடுத்த நிலமே போதுமான மறுபயன் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்துச் சட்டத்தில் இது எடுபடாது. நம் சட்டத்தில் ‘வாக்குப் பெற்றவரோ, வேறு எவருமோ’ என்றே எழுதியிருக்கிறது.

வீட்டுக்குள் பேசிக்கொள்வது இன்னொரு தனி ரகம். இலங்கையில் பொறியாளராக இருந்த ஒருவர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லி, பிறகு நிறுத்தினார். பால்ஃபோர் என்ற அந்த வழக்கில் 1919-இல் இங்கிலாந்து நீதிமன்றம், கணவன் மனைவி இப்படிப் பேசிக்கொள்வதில் கோர்ட்டுக்குப் போகும் எண்ணமே இருக்காது, ஆகவே ஒப்பந்தம் இல்லை என்றது. நம் நீதிமன்றங்களும் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அண்ணன் தம்பி சேர்ந்து விசைத்தறிக் கூடம் நடத்தி, லாபத்தில் பங்கு பேசிக்கொண்டால் அது வீட்டுப் பேச்சு ஆகாது, வியாபாரம்.

## ‘நல்ல டச்’ என்றால் எவ்வளவு?

சேலத்து வியாபாரத்தில் உடன்பாடுகள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒப்புக்கொண்ட இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டது எது என்று வெளியாள் ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும். தெளிவில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது 29-ஆம் பிரிவு.

கொலுசுப் பட்டறைக்கு ஒரு வியாபாரி ஆர்டர் கொடுக்கிறார்: “பத்து கிலோ கொலுசு, நல்ல டச்சுல, தீபாவளிக்கு முன்னாடி.” டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. வியாபாரி மனதில் 80 டச், அதாவது பத்து கிலோவில் எட்டு கிலோ வெள்ளி. பட்டறைக்காரர் மனதில் 65 டச், அதாவது ஆறரை கிலோ. வித்தியாசம் ஒன்றரை கிலோ வெள்ளி. கூலி எவ்வளவு, சேதாரம் யார் கணக்கில் என்பதும் பேசவில்லை. ‘தீபாவளிக்கு முன்னாடி’ என்பது முந்தின நாளா, முந்தின மாதமா? கொலுசு தீபாவளிக்கு முந்தின நாள் வந்தால் யாரிடம் விற்பது? இப்படி ஒரு உடன்பாட்டில் கோர்ட் எதைப் பிடித்துத் தீர்ப்பு எழுதும்?

ஆனால் தெளிவு எழுத்தில் மட்டும் இருப்பதில்லை. சட்டமே தரும் உதாரணம் இது: ஒருவர் ‘நூறு டன் எண்ணெய்’ விற்பதாகச் சொன்னால், என்ன எண்ணெய் என்று தெரியாததால் செல்லாது. அவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் என்றால், தொழிலே பொருளைக் காட்டிவிடுகிறது, செல்லும். அதேபோல இந்தப் பட்டறையும் வியாபாரியும் கடந்த இரண்டு வருடமாக 80 டச் சரக்கையே பில் போட்டு வந்திருந்தால், அந்தப் பில்லே ‘நல்ல டச்’சுக்குப் பொருள் சொல்லும். பழைய பில்புத்தகத்தைக் கிழித்துப் பொட்டலம் மடிக்கும் பழக்கத்தைக் கைவிட இது ஒரு நல்ல காரணம்.

விலையை எண்ணாகச் சொல்லாமல் கணக்காகச் சொன்னாலும் போதும். மரவள்ளிக் கிழங்கை, அதன் மாவுச்சத்து அளவான பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவது இதற்கு உதாரணம். டன்னுக்கு ஒரு பாயிண்டுக்கு 350 ரூபாய் என்று பேசி, லோடு 28 பாயிண்ட் வந்தால் டன் 9,800 ரூபாய். பேசிய அன்று விலை தெரியாவிட்டாலும், கண்டுபிடிக்கும் வழி தெரிகிறது. பாயிண்ட் பார்ப்பது யார், எந்த இடத்தில், விவசாயி பக்கத்தில் நிற்கலாமா என்பதையும் பேசியிருந்தால் சண்டையே இருக்காது.

## சட்டம் வெட்டிவிட்ட கிளைகள்

சில வகை உடன்பாடுகளை, இருவரும் முழு மனதோடு கையெழுத்துப் போட்டாலும் சட்டம் ஏற்பதில்லை. அன்றாடம் அகப்படுபவை இரண்டு.

முதலாவது, தொழில் செய்யவிடாமல் தடுப்பது. “வேலையை விட்டுப் போனால் மூன்று வருடத்துக்குச் சேலம் மாவட்டத்தில் எந்தப் பட்டறையிலும் வேலை செய்ய மாட்டேன்” என்று எழுதி வாங்கும் வரி 27-ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்தில் வெளியே வேலை செய்யக் கூடாது என்பது செல்லும். கடையை அதன் பெயர் மதிப்போடு விற்பவர், வாங்கியவர் கடை நடத்தும்வரை நியாயமான தூரத்துக்குள் அதே கடை வைக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பதும் செல்லும்.

இரண்டாவது பந்தயம். கிரிக்கெட் பந்தயம் எல்லோருக்கும் தெரியும். “வெள்ளி ஏறினா வித்தியாசத்தை நீ கொடு, இறங்கினா நான் கொடுக்கறேன், சரக்கு எடுக்கவே வேண்டாம்” என்று இருவர் தனியாகப் பேசிக்கொள்வதும் பந்தயம்தான் என்பதைப் பலர் ஏற்க மறுப்பார்கள். சரக்கைக் கொடுக்கும் எண்ணமும் எடுக்கும் எண்ணமும் இரு பக்கமும் இல்லையென்றால், அதில் வர வேண்டிய தொகைக்குக் கோர்ட் படி ஏற முடியாது.

இதுவரை: தகுதி, சம்மதம், நோக்கம், மறுபயன், தெளிவு இத்தனையும் தேறி, சட்டம் வெட்டிவிட்ட வகையிலும் சேராமல் இருந்தால் உடன்பாடு ஒப்பந்தமாகிறது. இந்தப் பட்டியலில் முத்திரைத்தாள் வரவே இல்லை.

## அப்படியென்றால் காகிதம் எதற்கு?

நிரூபிக்க. சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கிய சில வகைகள் தவிர, வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால் “அவர் 600 ரூபாய் என்றார்” என்று நீங்களும் “இல்லை, 500” என்று அவரும் சொன்னால், நீதிபதிக்கு உங்கள் முகம் மட்டும் போதாது. பில், வங்கியில் போன அட்வான்ஸ், லாரிச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சியாகும். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சொல்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்டை மட்டும் நீட்டினால் போதாது. அது எந்தப் போனிலிருந்து எடுத்தது என்பது போன்ற விவரங்களோடு உரிய சான்றிதழும் வேண்டும். ஆகவே, வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

முத்திரைத்தாள் அரசுக்குக் கட்டும் வரி. அது குறைந்தால் பத்திரத்தைச் சாட்சியாக ஏற்பதில்லை. பெரும்பாலான பத்திரங்களில் பாக்கித் தீர்வையும் அபராதமும் கட்டி இதைச் சரிசெய்துவிடலாம். புரோநோட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை எந்த அபராதமும் காப்பாற்றாது. நோட்டரி முத்திரை, கையெழுத்து இன்னாருடையது என்பதற்கு உதவும். செல்லாத உடன்பாட்டை அது செல்ல வைக்காது.

நிலம் என்றால் விதி வேறு. ஏற்காட்டில் மனைக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு, பெரிய தொகையும் கொடுத்துவிட்டு, “இடம் என்னுது” என்று வேலி போடுகிறவர்கள் உண்டு. கிரய ஒப்பந்தம் என்பது விற்பதாக வாக்குக் கொடுக்கும் ஒப்பந்தம். அதனால் இடம் கை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும். ஒப்பந்தமும் பவர் பத்திரமும் சேர்ந்தால் கிரயம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வீடு, கடை வாடகைக்கு 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

## மீறினால் என்ன கிடைக்கும்?

உடன்பாட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாயில் பார்த்துவிடலாம். 50 கிலோ மூட்டையாக 40 மூட்டை காபி, கிலோ 400 ரூபாய், பிப்ரவரி 15-க்குள் தர வேண்டும் என்று பேச்சு. மொத்தம் 2,000 கிலோ. அந்தத் தேதியில் சந்தை விலை 440. தோட்டக்காரர் வேறு ஆளுக்கு விற்றுவிடுகிறார். இது ஒப்பந்தம் என்றால், வியாபாரி வெளியில் வாங்கினால் கூடுதலாகும் 40 ரூபாயை 2,000 கிலோவுக்குக் கேட்கலாம்: 80,000 ரூபாய். சந்தை 390-க்கு இறங்கியிருந்தால்? மீறல் மீறல்தான், ஆனால் வெளியில் அதைவிட மலிவாகவே கிடைக்கும் என்பதால் இந்தக் கணக்கில் நஷ்டம் இல்லை. “மீறினால் 5 லட்சம் அபராதம்” என்று எழுதியிருந்தாலும் 5 லட்சம் அப்படியே வந்துவிடாது. எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமானதையே கோர்ட் தரும்.

அதே பேச்சு வெறும் உடன்பாடாக நின்றுவிட்டால், நஷ்டஈடு பூஜ்யம். அதற்காகக் கொடுத்த அட்வான்ஸும் போய்விடும் என்று அர்த்தமில்லை. செல்லாது என்று பின்னால் தெரியவரும் உடன்பாட்டில் வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. தெரிந்தே சட்டவிரோதமாகச் செய்ததற்கு இது கைகொடுக்காது.

## அரைப் பக்கத்தில் எழுத வேண்டியவை

சின்ன வியாபாரத்துக்கு மூன்று பக்கப் பத்திரம் தேவையில்லை. லெட்டர்பேடில் அரைப் பக்கம் போதும். யார் யாருக்கு (நிறுவனம் என்றால் கையெழுத்திடுபவர் எந்தப் பொறுப்பில்), என்ன பொருள், எந்தத் தரம், எத்தனை எடை, விலை அல்லது விலை போடும் கணக்கு, எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில், லாரி வாடகை யார், அட்வான்ஸ் எவ்வளவு, எடையோ தரமோ குறைந்தால் என்ன செய்வது. மிளகு என்றால் ஈரப்பதம் எத்தனை சதவீதம் வரை என்பதை மறக்காமல் எழுதுங்கள். பனி விலகாத ஏற்காட்டில் 200 கிலோ என்று ஏற்றியது, சேலம் வெயிலில் நாலு நாள் காய்ந்தபின் 200 கிலோ இருக்காது.

தேதியும் முக்கியம். மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டால், “இன்ன தேதியில் வாங்கிய இத்தனை ரூபாய் பாக்கியைக் கொடுத்துவிடுகிறேன்” என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால் சட்டம் அதைப் புது ஒப்பந்தமாகவே ஏற்கிறது. புதிதாக மறுபயன் எதுவும் வேண்டாம். வாயால் சொன்னது இதற்குப் போதாது.